டெங்கில் சேற்றில் ஒரு வகுப்பறை: குடுவைச் செடிகளை நம் மாணவர்கள் ஏன் பார்க்க வேண்டும்?

பூச்சி தின்னும் செடி என்று சொன்னவுடன் நம் மாணவர்களில் பெரும்பாலோர் 'வீனஸ் ஃபிளைட்ராப்' என்ற பெயரைத்தான் சொல்வார்கள். கார்ட்டூன் படங்களிலும் யூடியூப் காணொளிகளிலும் அதைப் பார்த்திருக்கிறோம். சில செடிக் கடைகளில் சிறிய தொட்டிகளில் விற்பனைக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா ஆகிய இரண்டு மாநிலங்களில் மட்டுமே. இங்கிருந்து அங்கே போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்ய வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்சிலிருந்து காரில் புறப்பட்டால், நெரிசல் இல்லாத காலை வேளையில், ஒரு மணி நேரத்துக்குள் டெங்கிலை அடைந்துவிடலாம். அந்த வட்டாரத்திலேயே பூச்சி தின்னும் செடிகள் தாமாக வளர்கின்றன. யாரும் நடவில்லை, யாரும் உரம் போடவில்லை. மலாய்க்காரர்கள் அவற்றை 'பெரியோக் கெரா', அதாவது குரங்கின் பானை, என்கிறார்கள். தமிழில் குடுவைச் செடி என்று சொல்லலாம். அறிவியல் பெயர் நெப்பந்திஸ்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் உயிரியல் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் என் போன்றவர்களுக்கு இந்தச் செடியின் பெயர் மூன்று மொழிகளிலும் தெரியும். படத்தைக் காட்டினால் பாகங்களைக் குறித்துவிடுவோம். ஆனால் அது வளரும் இடத்தில் போய்ப் பார்த்தவர் யார் என்று என் நண்பர்களிடம் கேட்டேன். பதினொரு பேரில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. நம் மாணவர்கள், குறிப்பாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் மாணவர்கள், இந்தச் செடிகளை அவை வளரும் சதுப்பிலேயே ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. தேர்வுக்கு உதவும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த நிலத்தின் விதி நம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அடிக்கடி எழுதப்படுகிறது என்பதும் காரணம்.

நாங்கள் பார்த்தது

இரண்டாம் பருவ விடுமுறையில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து போனோம். அந்தப் பகுதியில் பல ஆண்டுகள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த மாமா ஒருவர் வழிகாட்டினார். டெங்கிலிலிருந்து பந்திங் போகும் பக்கத்தில் ஓரிடம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இடத்தைத் துல்லியமாக எழுதாததற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

தோட்டத்தின் எல்லையில் ஒரு கால்வாய். அதன் நீர் பால் கலக்காத தேநீரின் நிறத்தில் இருந்தது. "சாக்கடைத் தண்ணியா மாமா?" என்று நண்பன் கேட்டான். "இல்ல தம்பி, இது நல்ல தண்ணி. இலையும் வேரும் ஊறி ஊறி இந்தக் கலரு வந்துருச்சி. கால பாத்து வை. இது மண்ணு இல்ல, பஞ்சு," என்றார் அவர். அவர் சொன்னது போலவே, கால் வைத்த இடமெல்லாம் மெத்தை போல் அமுங்கியது.

கால்வாய் ஓரத்தில் வெயில் படும் இடத்தில், செண்டுடோக் புதரின் மீதும் பெரணியின் மீதும் கொடியாகப் படர்ந்திருந்தது நெப்பந்திஸ் கிராசிலிஸ். விரல் நீளத்தில் மெலிந்த குடுவைகள். இலையின் நுனி நீண்டு, ஒரு காம்பாகிக் கீழே வளைந்து, அதன் முனையில் குடுவை தொங்குகிறது. பலரும் அதைப் பூ என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது இலையின் ஒரு பகுதி.

மரங்களின் நிழலுக்குள் சில அடிகள் போனதும் வேறோர் இனம். நெப்பந்திஸ் ஆம்புல்லாரியா. குட்டைப் பானைகளை யாரோ தரையில் கும்பலாக அடுக்கி வைத்தது போல, உதிர்ந்த இலைகளுக்கு நடுவே வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தன. ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தோம். இரண்டு எறும்புகள், பாதி மக்கிய இலை, நெளியும் கொசுப் புழுக்கள்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் எடுத்த படங்களைப் பாட்டியிடம் காட்டினேன். அவர் இளமையில் பால்மரம் வெட்டியவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது மங்கு மாதிரியே இருக்கேய்யா. நாங்க மரத்துல மங்கு கட்டுவோம், இது தனக்குத் தானே கட்டிக்குது," என்றார். எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

பசித்த மண்ணின் செடி

ஒரு செடி ஏன் பூச்சியைத் தின்ன வேண்டும்? விடை மண்ணில் இருக்கிறது. டெங்கில், பந்திங், கோலலங்காட் வட்டாரத்தின் பழைய காடுகள் பல, மலாயில் 'தானா கம்புட்' எனப்படும் கரிச்சதுப்பின் மீது வளர்ந்தவை. விழுந்த மரமும் இலையும் நீரில் மூழ்கியே கிடப்பதால் அவை முழுதாக மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்து, புளித்த, கறுத்த, ஈரம் ததும்பும் மண்ணாகின்றன. அந்த மண்ணில் செடிக்குத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. வெயிலும் நீரும் தாராளம், சத்துக்குத்தான் பஞ்சம். அதனால் குடுவைச் செடி தன் சத்தை மேலே இருந்து தேடிக்கொள்கிறது.

அது பிடிக்கும் முறையும் ஓர் அதிசயம். குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கிறது. விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்பு தாராளமாக நடமாடலாம். மழையோ பனியோ பட்டு ஈரமானதும் அதே விளிம்பு, மழை நாளில் தேய்ந்த டயர் சாலையில் வழுக்குவது போல வழுக்கிவிடுகிறது. கிராசிலிஸ் செடி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் மூடியின் அடிப்புறத்திலும் தேன் உண்டு. எறும்பு தலைகீழாகத் தொற்றிக்கொண்டு அதைக் குடிக்கும் நேரத்தில் மழைத்துளி ஒன்று மூடியின் மேல் விழுந்தால், மூடி சுண்டப்பட்டு எறும்பு உள்ளே விழுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2012-இல் விளக்கி எழுதினார்கள். நம் ஊரில் மாலையானால் பெய்யும் மழையையே ஒரு செடி தன் வேட்டைக்குப் பயன்படுத்திக் கொள்கிறது!

ஆம்புல்லாரியாவின் கதை வேறு. அதன் மூடி குறுகி, பின்னோக்கி மடிந்து கிடக்கிறது. குடுவை திறந்தே இருப்பதால் மேலிருந்து விழும் சருகுகள் உள்ளே சேர்கின்றன. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இச்செடியின் இலைகளில் உள்ள நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானது சருகிலிருந்து கிடைக்கிறது என்று கணக்கிட்டது. பூச்சி தின்னும் குடும்பத்தில் பிறந்து, மெல்ல மெல்லச் சைவத்துக்கு மாறிக் கொண்டிருக்கும் பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

குடுவை வெறும் கல்லறையும் அல்ல. கொசுப் புழுக்கள், சிலந்திகள், நுண்ணுயிர்கள் என அதற்குள்ளேயே வாழும் உயிர்கள் பல. சரவாக்கில் பட்டாணி அளவே உள்ள ஒரு தவளை ஆம்புல்லாரியாவின் குடுவையில் முட்டையிடுகிறது. 2010-இல் ஆய்வாளர்கள் அதைப் புதிய இனமாகப் பெயரிட்டு அறிவித்தார்கள். போர்னியோ மலைகளில் வளரும் நெப்பந்திஸ் லோவி என்ற இனம், மரமூஞ்சூறுகள் வந்து தேன் நக்கிவிட்டுக் கழிக்கும் எச்சத்தையே உரமாக்கிக் கொள்கிறது. ஒரு செடிப் பேரினத்துக்குள்ளேயே பிழைப்புக்கு இத்தனை வழிகள்.

இந்தச் செடிக்கும் தமிழர் வாழும் நிலங்களுக்கும் தொடர்பு உண்டு. நெப்பந்திஸ் என்ற பேரினத்துக்கு லின்னேயஸ் பெயர் வைத்தபோது அவர் முன் இருந்தது இலங்கையில் மட்டுமே வளரும் நெப்பந்திஸ் டிஸ்டில்லடோரியா. இந்தியாவில் மேகாலயா பகுதியில் நெப்பந்திஸ் காசியானா என்ற ஒரே இனம் இருக்கிறது; அழியும் ஆபத்தில் உள்ளதால் அனைத்துலக வணிகத்தில் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பு அளிக்கப்பட்டுள்ளது. நீலகிரியில் பசைத்துளிகளால் பூச்சி பிடிக்கும் டிரோசெரா செடிகள் வளர்கின்றன. சித்த மருத்துவ மரபில் பேசப்படும் 'அழுகண்ணி' இந்த வகைச் செடிதான் என்று சொல்வோர் உண்டு. இலையில் கண்ணீர்த் துளி நிற்பதைக் கவனித்துப் பெயர் வைத்த மரபு நம்முடையது. அந்தக் கவனம் நம் தலைமுறையோடு நின்றுவிடக் கூடாது.

'பயனற்ற நிலம்' என்று யார் சொன்னது?

சதுப்பு நிலம் என்றால் நம் பேச்சில் ஓர் இளக்காரம் இருக்கிறது. கொசு, பாம்பு, சேறு. வீடு கட்ட முடியாது, கார் போக முடியாது. எனவே வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, மண் கொட்டி நிரப்பினால்தான் அதற்கு மதிப்பு என்று நினைக்கிறோம்.

கணக்கு வேறு விதமாக இருக்கிறது. உலகின் நிலப்பரப்பில் கரிச்சதுப்பு ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஆனால் உலகக் காடுகளில் உள்ள எல்லா மரங்களும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகமான கரிமம் அந்த 3 விழுக்காட்டுக்குள் அடங்கியிருக்கிறது. ஈரமாக இருக்கும் வரை அது பூட்டிய பெட்டி. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் பெட்டி திறந்துகொள்கிறது. மண் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் தாழ்கிறது. காய்ந்த கரிமண் எரியத் தொடங்கினால் தீ தரைக்கு அடியில் ஊர்ந்து போகும். மேலே தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்க முடியாது.

அந்தப் புகையை நாம் சுவாசித்திருக்கிறோம். 2005 ஆகஸ்டு 11-ஆம் தேதி, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால், போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் சிலாங்கூரில் பள்ளிகள் மூடப்பட்டதும், முகக்கவசத்தோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்ததும் என் வயதினருக்கு நன்றாக நினைவிருக்கும். புகையின் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது என்று அண்டை நாட்டைக் காட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. கிள்ளானுக்கு அருகில் ஜொகான் செத்தியாவில் கரிமண் நிலம் எரிந்த செய்தியை வறட்சிக் காலங்களில் இதே நாளிதழ்களில் படித்துக் கொண்டுதான் இருக்கிறோம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் கொண்ட கிள்ளான் குடும்பங்களுக்கு, ஈரமான சதுப்பு எதற்குப் பயன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு காடு காகிதத்தில் மறைந்து, திரும்பி வந்த கதை

டெங்கிலுக்கு மேற்கே உள்ள கோலலங்காட் வடக்கு வனக்காப்பகம் இதற்கு நேரடிச் சான்று. அது ஒரு கரிச்சதுப்புக் காடு. 1927-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது 7,000 ஹெக்டருக்கும் மேல் இருந்தது. ஒவ்வொரு துண்டாகப் போய், கடைசியில் எஞ்சியது சுமார் 957 ஹெக்டர். 2020 பிப்ரவரியில், அதிலும் சுமார் 931 ஹெக்டரை, அதாவது 97 விழுக்காட்டை, காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் குறித்து நாளிதழ்களில் அறிவிப்பு வெளிவந்தது. கலப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்காக அந்த நிலம் கேட்கப்பட்டிருந்தது. ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம்.

சிலாங்கூரில் ஒரு காட்டைப் பட்டியலிலிருந்து நீக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி இருந்தது. அதனால்தான் அந்த அறிவிப்பே வந்தது. புக்கிட் சீடிங், பூசுட் பாரு, பூலாவ் கெம்பாஸ் ஆகிய ஊர்களில் வாழும் தெமுவான் பூர்வகுடி மக்கள் முதலில் குரல் எழுப்பினார்கள். மருந்து, உணவு, சடங்கு, முன்னோர் நினைவு என எல்லாமே அவர்களுக்கு அந்தக் காடுதான். சுற்றுச்சூழல் இயக்கங்களும் மாணவர்களும் சேர்ந்தார்கள். 40,000-க்கும் அதிகமான ஆட்சேபங்கள் குவிந்தன. 2020 நவம்பரில் காட்டைக் காக்க வேண்டும் என்ற தீர்மானம் மாநிலச் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது.

அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். 2021 ஆகஸ்டு இறுதியில் சட்டமன்றத்தில் ஒரு செய்தி வெளிவந்தது: அந்தக் காட்டில் 536.7 ஹெக்டர் கடந்த மே மாதமே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஒரு மரம்கூட வெட்டப்படாமலேயே, காகிதத்தில், பாதிக்கு மேல் காடு காணாமல் போயிருந்தது. எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி மந்திரி பெசார் அம்முடிவை ரத்துச் செய்வதாகவும், நிலத்தை மீண்டும் காப்பகமாக்குவதாகவும் அறிவித்தார்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, குரல் கொடுத்தால் பலன் உண்டு. இரண்டு, ஒருமுறை குரல் கொடுத்தால் போதாது. 2022-இல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டை நீக்கும் முன் பொது விசாரணை வேண்டும் என்றது. ஆனால் நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுக்கொண்டால்தான் அந்தத் திருத்தம் அங்கே உயிர் பெறும். அறிவிப்பு வந்தால் அதைப் படிக்கவும், 30 நாளுக்குள் ஒரு கடிதம் எழுதவும் தெரிந்த இளைஞர்கள் வேண்டும். அந்த 40,000 ஆட்சேபங்களில் தமிழ் இளைஞர்களின் கடிதங்கள் எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்கு ஏன் இது சொந்த விஷயம்?

"அது பூர்வகுடிகளின் பிரச்சினை. நமக்கு ஆயிரம் கவலை இருக்கு," என்று என் உறவினர் ஒருவர் சொன்னார். டெங்கிலின் வரலாறு தெரிந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இன்றைய புத்ராஜெயா நிற்பது பெராங் பெசார் தோட்டத்தின் மீது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் திறந்த தோட்டம் அது. 'பெரும் போர்' என்பதுதான் பெயரின் பொருள். அங்கே உருவாக்கப்பட்ட உயர்ரக ரப்பர் மரங்கள் இன்றும் 'பி.பி.' என்ற எழுத்துகளோடு உலகின் பல நாடுகளில் நடப்படுகின்றன. அந்த இரண்டு எழுத்தும் பெராங் பெசாரைக் குறிப்பவை. அந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த உழைப்பில் நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்பும் உண்டு. 1990-களில் புதிய நிர்வாகத் தலைநகருக்காக பெராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் வெளியேறி, டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. தரைவீடு வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை இருபது ஆண்டுகளைத் தாண்டியும் நீடித்தது.

நிலத்தை வேறொருவர் வரைபடத்தில் பார்த்து முடிவெடுத்தால், அதில் வாழ்ந்தவருக்கு என்ன நேரும் என்பதை இந்த நாட்டில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெமுவான் மக்களின் கவலையை மற்றவர்களைவிட விரைவாகப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம். தோட்டத்தை இழந்த சமூகமும் காட்டை இழக்கவிருந்த சமூகமும் ஒரே வட்டாரத்தில் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. இவ்விரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் சந்திக்க வாய்ப்பே இல்லாமல் வளர்வதுதான் வருத்தம்.

எதிர்க்கேள்விகள்

நான் இதைப் பேசும்போதெல்லாம் சில கேள்விகள் வருகின்றன. அவற்றைத் தள்ளிவிட முடியாது.

"நம் பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா, வேலை வேண்டாமா?" கண்டிப்பாக வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் தலைமுறை எங்களுடையது. ஆனால் ஏற்கெனவே மனிதன் கைப்பட்டு, பாதி கட்டிப் பாதியில் விட்ட நிலங்கள் எத்தனையோ கிடக்க, ஏழாயிரம் ஹெக்டருக்கும் மேல் இருந்ததில் எஞ்சிய கடைசித் துண்டில்தான் வீடு கட்டியாக வேண்டுமா? மேலும், தாழ்ந்துகொண்டே போகும் கரிமண்ணில் கட்டிய வீட்டின் பழுதைச் சரிசெய்யும் செலவு கடைசியில் வீட்டை வாங்கியவர் தலையில்தான் விழும்.

"கொசுவும் டெங்கியும் வருமே?" குடுவைக்குள் வாழப் பழகிய கொசுக்கள் பெரும்பாலும் அதற்கென்றே உள்ள இனங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நம் வீட்டுப் பூச்சாடித் தட்டும் பழைய டயரும் தாராளமாகப் போதும். டெங்கியை ஒழிக்க வேண்டுமானால் முதலில் நம் வாசலைத் துப்புரவாக்குவோம்.

"செடியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? ஆன்லைனில் வாங்கி வீட்டில் வளர்க்கலாமே?" இந்தக் கேள்விக்குத்தான் நான் இடத்தை எழுதாமல் விட்டேன். நாற்றுப் பண்ணையில் வளர்த்த செடியை வாங்குவதில் தவறில்லை. காட்டில் பிடுங்கிய செடியை விற்பதும் வாங்குவதும் வேறு. குடுவைச் செடிகள் அனைத்தும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. வனக்காப்பகத்திலிருந்து உரிமமின்றி எதையும் எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். வீனஸ் ஃபிளைட்ராப் திருட்டு பெருகியதால் வட கரோலினா மாநிலம் 2014 டிசம்பர் முதல் அதைக் கடுங்குற்றமாகவே ஆக்கிவிட்டது. ஓர் இடத்தின் குறியீட்டைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தால் அடுத்த வாரமே மண்வெட்டியோடு ஆள் வரக்கூடும். பிடுங்கிய செடியும் நகரத்துக் குழாய் நீரிலும் உரம் கலந்த மண்ணிலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஆம்புல்லாரியாவின் குடுவையில் பசையரிசியும் தேங்காய்ப்பாலும் இட்டு வேகவைக்கும் 'லெமாங் பெரியோக் கெரா' நம் நாட்டில் பழைய வழக்கம். அந்த மக்கள் குடுவையை மட்டும் பறித்துச் செடியை விட்டுவிடுகிறார்கள். செடி மீண்டும் குடுவை விடும். வேரோடு பிடுங்கும் வியாபாரம் அந்த மரபில் சேராது.

எப்படிப் போவது, போய் என்ன செய்வது?

பள்ளி அறிவியல் கழகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இதற்கு முன்வர வேண்டும். ஆண்டுதோறும் பொங்கல் விழா, முத்தமிழ் விழா, நாடகப் போட்டி நடத்துகிறோம், நல்லது. அந்த நாட்காட்டியில் ஒரு சதுப்பு நில நாளும் இடம்பெறட்டும்.

தொடங்குவதற்கு எளிய இடம் டெங்கிலில் உள்ள பாயா இண்டா சதுப்பு நிலப் பூங்கா. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளையும் சதுப்பையும் சேர்த்து உருவாக்கியது. வனவிலங்குத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பாதுகாப்பான நடைபாதை உண்டு, சிறு பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். சுரங்கமாகத் தோண்டப்பட்ட மண்ணும் நேரம் கொடுத்தால் எப்படி ஓரளவு மீள்கிறது என்பதை அங்கே பார்க்கலாம். அடுத்த கட்டமாக, வனக்காப்பகத்துக்குள் போக வேண்டுமானால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, வழி தெரிந்தவரோடு போக வேண்டும். தெமுவான் ஊர்களைச் சேர்ந்தவர்களை வழிகாட்டியாக அமர்த்தி, அதற்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். அவர்களுடைய அறிவு இலவசமாகக் கிடைக்க வேண்டியது என்ற எண்ணம் வேண்டாம்.

கால்மூடிய காலணி, நீண்ட கால்சட்டை, குடிநீர், உருப்பெருக்காடி ஆகியவை போதும். குடுவையைத் தொடாமல் பாருங்கள். உள்ளே விரலையோ குச்சியையோ விட வேண்டாம். படம் எடுங்கள், இடத்தைப் பகிராதீர்கள். பார்த்ததைத் தமிழில் எழுதுங்கள். பெரணி, கரிமண், குடுவை, விளிம்பு என்று நம் மொழியில் எழுத எழுதத்தான் அறிவியல் தமிழ் பிழைக்கும்.

பார்ப்பதோடு நிற்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு வட சிலாங்கூரில் ராஜா மூசா வனக்காப்பகம் இருக்கிறது. தீயாலும் ஆக்கிரமிப்பாலும் சிதைந்த அந்தக் கரிச்சதுப்பில், 2008 முதல் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு வாய்க்கால்களை அடைத்தும் மரம் நட்டும் வருகின்றன. வாய்க்காலை அடைத்தால் நீர் ஏறுகிறது, நீர் ஏறினால் தீ குறைகிறது, மரம் தலைதூக்குகிறது. ஒரு சனிக்கிழமை முழுக்கச் சேற்றில் நின்று கன்று நட்ட மாணவன், காலநிலை மாற்றம் பற்றி ஒரு வரி எழுதினாலும் அதில் அனுபவம் இருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'பூச்சி உண்ணும் தாவரங்கள்' என்ற பாடத்தை அடுத்த முறை நடத்தும்போது, அமெரிக்கச் செடியின் படத்துக்குப் பக்கத்தில் டெங்கில் செடியின் படத்தையும் ஒட்டுங்கள். இது எங்கே வளர்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நம் பக்கத்து ஊரில் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் வரும் வியப்பைப் பாருங்கள்.

அடுத்த முறை ஏதேனும் ஒரு காட்டை நீக்கும் அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்த ஒரு தமிழ் இளைஞனாவது, ஒரு தமிழ்ப் பெண்ணாவது பேனாவை எடுக்க வேண்டும். பார்க்காத ஒன்றுக்காக யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். வரும் பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. இப்போதே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.